கிளி ஜோசியர் வீட்டுப் பெண்ணிடம் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அவர்களின் அப்பா அம்மாக்களையும் குளத்துக்கரைக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறேன். என் தாத்தாவும் அப்பாவும் கிளி ஜோசியம் பார்த்தவர்கள் என்று யாராவது போட்டுக்கொடுத்துவிடுவார்கள். உடனே எல்லாரும் கொக்கை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பதினைந்து வருடமாக அதே கேள்விகள்தான். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் கரையில் நிற்கும்போது பறவையைப் பார்க்கலாம் இல்லையா?

உங்கள் வீட்டில் என்னென்ன பிராணிகளைப் பழக்கினார்கள்?

தாத்தாவிடம் கிளி. தாத்தாவின் அண்ணன், எங்களுக்குப் பெரிய தாத்தா, அவரிடம் ஒரு குரங்கும் ஒரு வெள்ளாடும் இருந்தன. ஆடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மரக்கட்டைகள்மேல் நான்கு காலையும் சேர்த்து வைத்து நிற்கும். சித்தப்பா கொஞ்ச நாள் கவுதாரி வளர்த்தார். அதை வைத்து வேறு கவுதாரியைப் பிடிப்பதுதான் அவர் நோக்கம், அதனால் அதைப் பழக்கம் என்று சொல்லலாமா தெரியவில்லை.

வீட்டுப் பெண்களுக்குத் தொழிலில் இடம் கிடையாது. கூண்டைக் கழுவுவது, தினை புடைப்பது, ராத்திரி சாக்கைப் போட்டு மூடுவது எங்கள் வேலை. கிளியோடு அதிக நேரம் இருந்தது யார் என்று கணக்குப் பார்த்தால் அம்மாவும் ஆச்சியும் நானும்தான். சீட்டு எடுக்கும் நேரம் மட்டும் அது தாத்தாவின் கிளி.

கிளி எப்படிச் சரியாகச் சீட்டு எடுக்கிறது?

இதுதான் முதலிடத்தில் இருக்கும் கேள்வி. தொழில் ரகசியத்தைச் சொல்லலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "இனி யார் பண்ணப் போறா, சொல்லுட்டி" என்றார்.

கிளி சரியான சீட்டை எடுப்பதில்லை. எந்தச் சீட்டு வந்தாலும் அதைச் சரியாக்குவது ஜோசியரின் வாய். சீட்டுக்கட்டில் 27 சீட்டு, நட்சத்திரக் கணக்கு. முருகன், பிள்ளையார், லட்சுமி, மாரியம்மன் என்று படங்கள். வேளாங்கண்ணி மாதா படமும் எங்கள் கட்டில் உண்டு, வருகிறவர்கள் எல்லா மதத்துக்காரர்களும் அல்லவா. எல்லாச் சீட்டுக்கும் முதலில் ஒரு கஷ்டம், பிறகு ஒரு விடிவு, கடைசியில் ஒரு பரிகாரம். வந்தவர் உட்காரும் தோரணை, கையில் மஞ்சள் பையா ஆபீஸ் ஃபைலா, கூட யார் வந்திருக்கிறார்கள், செருப்பு எப்படித் தேய்ந்திருக்கிறது எல்லாம் பார்த்து அந்த மூன்றையும் நிரப்புவார்கள்.

கிளி செய்வது வேறு வேலை. கூண்டுக் கதவு திறந்தால் வெளியே வர வேண்டும். வரிசையாக அடுக்கிய சீட்டை ஒவ்வொன்றாக அலகால் இழுத்துக் கீழே போட வேண்டும். ஜோசியர் கை அசைந்ததும் அப்போது அலகில் இருக்கும் சீட்டோடு நிற்க வேண்டும். ஒரு மணி தானியம் கிடைக்கும். திரும்பிக் கூண்டுக்குள் போக வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எங்கள் வீட்டில் முதலில் பழக்குவார்கள். கூண்டுக்குள் போனால் நெல். பத்து நாள் அது மட்டும். வெளியே வருவதற்கு யாரும் பழக்க வேண்டியதில்லை என்பார் தாத்தா.

அதன் பிறகு ஒரு சீட்டு. அதன் நுனியில் ஒரு மணி தினையை ஒளித்து வைப்பது. கிளி தினைக்காகச் சீட்டைத் தள்ளும், தள்ளும்போது அலகு படும். அலகு பட்டதற்கே அடுத்த மணி. அப்புறம் கடித்தால்தான் மணி. பிறகு இழுத்தால்தான். கடைசியாக, இழுத்து நிறுத்தினால்தான். ஆறு மாதம் ஆகும், சில கிளிக்கு ஒரு வருடம். சீக்கிரம் படிக்கிற கிளியைத் தாத்தாவுக்குப் பிடிக்காது. "வேகமாப் படிச்சது வேகமா மறக்கும்" என்பார். அது உண்மையா என்று நான் சோதித்ததில்லை.

இதில் விஞ்ஞானம் ஏதாவது உண்டா?

பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போது ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிய பாடம் வந்தது. நடத்தையை ஒவ்வொரு படியாக உருவாக்குவது, ஒவ்வொரு படிக்கும் வெகுமதி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். எங்கள் திண்ணையில் நடந்ததுதானே!

அந்த ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் என்ற தம்பதி 1940களில் அமெரிக்காவில் பிராணிகளைப் பழக்கும் தொழிலையே கம்பெனியாக ஆரம்பித்தார்கள். அர்க்கன்சாஸ் மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1955ல் 'ஐக்யூ ஜூ' என்று ஒன்றைத் திறந்தார்கள். காசு போட்டால் கோழி ஆடும், முயல் விளையாடும். மனிதரோடு கட்டம் போட்டு விளையாடி ஜெயிக்கிற கோழிகூட அவர்கள் வழியில் வந்ததுதான். எந்தக் கட்டம் என்பதைக் கருவி முடிவு செய்யும், கோழி சும்மா கொத்தும். ஜெயித்தது கோழி என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்வார். கிளி ஜோசியத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு கடல்தான்.

அவர்கள் 1961ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எவ்வளவு வெகுமதி கொடுத்தாலும் பிராணி மெல்ல மெல்லத் தன் பிறவிக் குணத்துக்கு நழுவிவிடுகிறது என்பது விஷயம். காசை உண்டியலில் போடப் பழகிய பன்றி, கொஞ்ச நாளில் அதைத் தரையில் போட்டு மூக்கால் கிளற ஆரம்பித்துவிட்டதாம். எங்கள் வீட்டில் இது சீட்டு ஓரத்தில் தெரியும். கிளிக்கு மரத்தைக் கடித்துப் பொந்தைப் பெரிதாக்குகிற குணம். ஒரு வருடம் ஒழுங்காகச் சீட்டு எடுத்த கிளி, ஒரு நாள் வாடிக்கையாளர் முன்னாலேயே லட்சுமியின் காலைக் கொறித்துக்கொண்டு உட்காரும். தாத்தா அசர மாட்டார். "தாயாரே பாதத்தைப் பிடிச்சுக்கோன்னு சொல்றா பாருங்க" என்று அதையும் பலனாக்கிவிடுவார்.

அடித்துப் பழக்குவார்களா?

கிளியை அடிக்க முடியாது. ஒரு தடவை அடித்தால் அது கையைப் பார்த்தாலே கத்தும், பிறகு அந்தக் கையிலிருந்து எதையும் வாங்காது. அதனால் எங்கள் வீட்டில் கிளி மேல் கை ஓங்கியவர் யாரும் இல்லை. ஆனால் இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. காலையில் வயிறு காய்ந்திருந்தால்தான் கிளி வேலை செய்யும். திருவிழாக் கூட்டத்தில் மத்தியானம் வரைக்கும் ஒவ்வொரு மணியாகத்தான் சாப்பாடு. இறகை வெட்டியிருப்பார்கள். பறக்கிற பிராணியைப் பறக்க முடியாமல் செய்துவிட்டு அடிக்கவில்லை என்று சொல்வது என்ன கணக்கு?

குரங்கின் கதை வேறு. அங்கே பிரம்பு உண்டு. அதற்குச் சங்கிலி போட்ட இடத்தில் கழுத்தில் முடியே இருக்காது. பெரிய தாத்தா நல்ல மனிதர்தான், எனக்குத் தேன்மிட்டாய் வாங்கித் தருவார், அந்தக் குரங்குக்கும் தருவார். இருந்தாலும் அவர் பிரம்பை எடுத்தால் குரங்கு மூத்திரம் போகும். இரண்டையும் பார்த்துத்தான் வளர்ந்தேன். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று 1998ல் மத்திய அரசு அறிவித்தது. அதற்கு முன்பே பெரிய தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆடு அவருக்குப் பின்னால் எட்டு மாதம் இருந்தது.

ஏன் கிளி? மைனாகூடப் பேசுமே.

சீட்டு எடுக்கக் கால் வேண்டும், அலகு வேண்டும். கிளிக்குக் காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால். மேலலகு தனியாக அசையும். இடுக்கி மாதிரிப் பிடிக்கும். மைனாவால் அது முடியாது.

அது போக, சாமி. மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தோளுக்குத் தினமும் இலையாலேயே புதுக் கிளி கட்டுகிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. அருணகிரிநாதர் கிளியானது திருவண்ணாமலையில், அங்கே கிளி கோபுரம் என்றே ஒரு கோபுரம். ஜோசியர் வாய் திறப்பதற்கு முன்பே பாதி நம்பிக்கை வந்து உட்கார்ந்திருக்கும்.

எங்கள் கிளிக்கும் மீனாட்சி என்றுதான் பெயர். "வாம்மா மீனாட்சி, ஐயா பேருக்கு ஒரு நல்ல சீட்டா எடும்மா." மூன்றாவது வருடம் மீனாட்சிக்குக் கழுத்தில் கறுப்பும் ரோஜாவுமாக ஆரம் விழுந்தது. பச்சைக்கிளியில் ஆணுக்குத்தான் அந்த ஆரம் வரும், அதுவும் இரண்டு மூன்று வயது ஆன பிறகு. ஊரெல்லாம் தாயே என்று கும்பிட்ட கிளி ஆண்! ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். தாத்தா பெயரை மாற்றவில்லை. பலகையில் எழுதியாயிற்று.

கிளிக்குஞ்சு எங்கிருந்து வரும்?

மொட்டைப் பனையிலிருந்து. ஓலை எல்லாம் போய் வெறும் தூணாக நிற்கும் பனையின் உச்சியில் கிளி பொந்து வைக்கும். எங்கள் பக்கம் மார்கழி, தை தொடங்கிச் சித்திரை வரை முட்டையும் குஞ்சுமாக இருக்கும். மூன்று நான்கு முட்டை, அடைகாக்க மூன்று வாரத்துக்கு மேல், பொந்தை விட்டு வெளிவர இன்னும் ஏழு வாரம். இறகு முளைக்கும் முன்னால் எடுத்தால்தான் மனிதரோடு ஒட்டும் என்று கண் திறந்த கையோடு எடுத்துவிடுவார்கள். ஒன்று வீட்டுக்கு வர, இரண்டு வழியிலேயே செத்துவிடும். அப்பா ஒரு தடவை மடியில் மூன்று கொண்டுவந்தார். காலையில் ஒன்று இருந்தது. அதுதான் மீனாட்சி.

அதே பனையில்தான் பனங்காடையும் கூடு வைக்கும். மொட்டைப் பனை எதற்கும் உதவாது என்று முதலில் வெட்டுவது அதைத்தான். பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில், வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். கிளியைக் காப்பாற்ற வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது, உங்கள் வயலில் ஒரு மொட்டைப் பனையை நிற்க விடுவீர்களா என்பதுதான். பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நீங்கள் கிளியைத் திறந்துவிட்டீர்களாமே?

ஆமாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சிறைப்பட்ட கிளியைப் பற்றி ஒரு பாட்டு நடத்தினார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பா குற்றாலத்துக்குச் சீசன் வியாபாரத்துக்குப் போயிருந்த சமயம், மீனாட்சியின் கூட்டாளிக் கிளி ஒன்று சின்னக் கூண்டில் இருந்தது, அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன். இறகு வெட்டி இரண்டு மாதமாக வளர்ந்திருந்தது, பறக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அது வெளியே வந்தது. சீட்டைத் தேடியது. சீட்டு இல்லை. திரும்பிக் கூண்டுக்குள் போய் நெல்லுக்கு நின்றது.

நான் கையால் எடுத்துத் தூக்கிப் போட்டேன். முருங்கை மரம் வரை பறந்தது. பத்து நிமிஷத்தில் காக்காய்கள் சேர்ந்துவிட்டன. மரத்துக்கு மரம் போகத் தெரியாமல் அது கீழே என்னை நோக்கி இறங்கியது. கூண்டை நோக்கித்தான் இறங்கியிருக்கும். மீதியை எழுத வேண்டாம்.

அப்பா வந்து அடிக்கவில்லை. திண்ணையில் உட்காரவைத்து, "ஏட்டி, அதுக்கு வெளிய எதுவுமே தெரியாதுட்டி. நாம சொல்லிக் குடுக்கலயே" என்றார். தொழிலில் தான் செய்ததை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் வாயால் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அழுகைதான் வந்தது.

அப்படியானால் வீட்டில் இருக்கும் கிளியை என்ன செய்வது?

நீங்களாகத் திறந்துவிடாதீர்கள். மாவட்ட வனத்துறை அலுவலகத்துக்குப் பேசி ஒப்படையுங்கள். இரை தேட, கூட்டத்தோடு சேர, பருந்தைப் பார்த்தால் ஒளிய அதற்குப் பழக வேண்டும். சில கிளிக்கு அது கடைசி வரை வராது. பச்சைக்கிளி கூண்டில் 25, 30 வருடம்கூட இருக்கும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

வளர்ப்பது சட்டப்படி தப்பா? லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார்களே?

பச்சைக்கிளி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. முன்பு 4வது அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு 2வது அட்டவணை. பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்துக்கொள்வது எல்லாமே குற்றம். மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சந்தையில் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். விற்கிறார்கள்தான், அதுவும் குற்றம்தான்.

2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூர் பக்கம் ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று கிளி சீட்டு எடுத்தது செய்தியானது. கொஞ்ச நேரத்தில் வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்து, கிளிகளை எடுத்துக்கொண்டு போனது. பிறகு எச்சரித்து விட்டுவிட்டார்கள். வேட்பாளர் ஜெயிக்கவில்லை. அப்பா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிடிபட்டவருடைய வயிற்றுப்பாட்டை நினைத்திருப்பார்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் சின்னக் கிளிகள் ஆஸ்திரேலியப் பிறவி, காக்கட்டீல் என்கிற கொண்டைக் கிளியும் அப்படியே. அவை நம் காட்டுப் பறவை இல்லை, அதனால் இந்த அட்டவணையில் வராது. வெளிநாட்டுக் கிளி ஜாதிகள் பலவற்றை இப்போது அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளி அர்த்தம் தெரிந்து பேசுமா?

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்கிறோம், பெரும்பாலும் அதுதான். ஆனால் அலெக்ஸ் என்று ஒரு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இருந்தது. ஐரீன் பெப்பர்பெர்க் என்பவர் 1977ல் கடையில் வாங்கி, 2007ல் அது சாகும் வரை முப்பது வருடம் படிப்பித்தார். நூற்றுக்கு மேற்பட்ட சொல் தெரியும், நிறம் கேட்டால் நிறம், எத்தனை என்றால் எண்ணிக்கை சொல்லும். எங்கள் மீனாட்சிக்கு மூன்று சொல் தெரியும். அதில் ஒன்று ஆச்சி தாத்தாவைத் திட்டுவது. அதை மட்டும் சரியான நேரத்தில் சொல்லும்.

கிளிக்கு மிளகாய் கொடுக்கிறார்களே, காரம் இல்லையா?

இல்லை. காரத்தை உணரும் அமைப்பு நம் உடம்பில் இருக்கிற மாதிரி பறவைக்கு வேலை செய்யாது. மிளகாய்ச் செடிக்கு அது வசதி. எலியும் அணிலும் விதையைக் கடித்து நாசமாக்கும், பறவை முழுசாக விழுங்கித் தொலைவில் எச்சமிடும். பறவைக்கு விருந்து, மற்றவருக்கு எரிச்சல்.

மொட்டை மாடியில் அரிசி வைக்கலாமா?

வைக்கலாம். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் 2004 சுனாமிக்குப் பிறகு மாடியில் ஊறவைத்த அரிசி வைக்கத் தொடங்கி, ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்து பிரபலமாயிற்று. எனக்கு அரிசியைவிடத் தண்ணீர்தான் முக்கியமாகப் படும். பங்குனி, சித்திரையில் ஒரு அகலமான மண்சட்டி, ஆழம் இரண்டு விரல். தினமும் கழுவுங்கள்.

கிளி வீட்டிலிருந்து குளத்துக்கரைக்கு எப்படி வந்தீர்கள்?

அந்தக் கிளி செத்த பிறகு நான் கூண்டுப் பக்கமே போகவில்லை. அப்பா என்னை ஒரு நாள் சைக்கிளில் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போனார். நாங்குநேரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு வைக்கும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை, வந்தால் மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்க்கிறவர்கள்கூட இருந்தார்கள். குளிர்காலத்தில் மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து அந்தக் குளத்தில் மிதக்கிறது என்று ஒருவர் சொன்னபோது அப்பா நம்பவில்லை.

ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அப்பா தொழில் புத்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். "இப்ப எந்திரிக்கும் பாரு." நாரை எழுந்தது. "இப்ப அதுக்குச் சந்தேகம்." கொக்கு கழுத்தை நீட்டியது. எப்படித் தெரியும் என்றேன். "கண்ணையும் கழுத்தையும் பாரு." கிளி கடிக்கப்போகிறது என்றால் அதற்கு முன்னால் கண்மணி சுருங்கி விரியும், சுருங்கி விரியும். அதைப் பார்க்கத் தெரியாதவனுக்கு விரலில் தழும்பு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் குளம் முழுவதையும் படித்தார். கூண்டு இல்லாமலே அந்தப் படிப்பு செல்லும் என்று அன்றைக்குத் தெரிந்தது. நான் இன்றுவரை செய்வது அதுதான்.

பறவைக்குப் பக்கத்தில் போவது எப்படி?

நேராகப் போகாதீர்கள். நேராக வருவது கொல்ல வருகிறது என்பது அதன் கணக்கு. குறுக்காக, வேறு எங்கோ போகிற மாதிரி, நின்று நின்று. முறைத்துப் பார்க்க வேண்டாம். கொத்திக்கொண்டிருந்த பறவை தலையை நிமிர்த்தினால் நில்லுங்கள், மறுபடி கொத்த ஆரம்பித்தால் இரண்டு அடி. நிமிர்ந்தே இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், பின்வாங்குங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. நீங்கள் நிற்கும் அந்த ஐந்து நிமிஷம் காக்காய்க்கு வழிகாட்டும்.

தொடங்க என்ன வேண்டும்? பைனாகுலர் எது?

முதல் மாதம் எதுவும் வேண்டாம். வீட்டைச் சுற்றி இருக்கும் பத்துப் பறவை. காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து, கொண்டைக்குருவி, மடையான் இப்படி. மடையானில் தொடங்கச் சொல்வேன். அசையாமல் நிற்கும், பழுப்பாகச் சேற்றோடு சேர்ந்திருக்கும். பறந்தால் பளீரென்று வெள்ளை. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

அப்புறம் வாங்குவதானால் எட்டுக்கு நாற்பத்திரண்டு. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து, பன்னிரண்டு என்று ஆசைப்பட்டால் கை நடுங்கி எல்லாப் பறவையும் ஆடும். பொங்கல் சமயத்தில் 2015 முதல் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். பொங்கல் பானை பொங்குவதற்குள் முடித்துவிடலாம்.

கூண்டில் வைத்துச் சம்பாதித்த குடும்பத்துப் பெண் பறவைப் பாதுகாப்பு பேசலாமா?

ஒருவர் கூட்டத்தில் எழுந்து இப்படியே கேட்டார். பெரிய பறவை அறிஞரான சலீம் அலிக்குப் பறவை ஆர்வம் வந்தது பத்து வயது வாக்கில் அவர் பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டிலிருந்து. அதைத் தூக்கிக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய் என்ன குருவி என்று கேட்டார். அவருக்கே அப்படி என்றால் எனக்கு என்ன என்று சொல்லிச் சமாளித்தேன். சமாளிப்புதான். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கிளி ஜோசியரைக் கேலி செய்துவிட்டு, வீட்டில் இறக்குமதிக் கிளியைக் கூண்டில் வைத்திருப்பவர் அதைக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா இப்போது என்ன செய்கிறார்?

மீனாட்சியை அவராகவே கொண்டுபோய் ஒப்படைத்தார். அதற்குள் அதற்குப் பத்தொன்பது வயது. அதன் பிறகு கொஞ்ச காலம் கைரேகை பார்த்தார், பிறகு பெட்டிக்கடை. என்னோடு பறவை பார்க்கும் நடைக்கு வருவார். பறவை பெயர் அவருக்கு ஒன்றும் ஒட்டாது, 'அந்தக் கோபக்காரன்', 'அந்தச் சந்தேகப் பிராணி' என்றுதான் சொல்வார். ஆள்காட்டிக் குருவிக்கு அவர் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

சீட்டுக்கட்டு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 27ல் 24. பிள்ளையாரும் மாதாவும் இன்னொன்றும் திருச்செந்தூர்க் கூட்டத்தில் காணாமல் போய்விட்டன. லட்சுமிக்கு இடது கால் இல்லை. வகுப்புக்கு எடுத்துப்போவேன். கிளி அலகு எப்படிக் கடிக்கும் என்று கேட்டால் கரும்பலகையில் வரைவதைவிட அந்த ஓரத்தைக் காட்டுவது சுலபம். பிள்ளைகள் விரலால் தடவிப் பார்ப்பார்கள்.